ஐஸ் பெட்டி

ஒன்பது செடி வைத்தது தப்பு.
நாலு போதும் என்று நாற்று விற்றவனே சொன்னான்.

பங்குனிக் கடைசியில்
பள்ளத்தூர் முழுக்கத் தக்காளி.
காரைக்குடிச் சந்தையில் மூன்று கிலோ இருபது ரூபாய்,
பையும் அவர்களே தருகிறார்கள்.
பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன்.
வெறுங்கிண்ணமாய்த் திருப்பக் கூடாதென்று
அடைக்கப்பண்ணன் அதில்
தன் தோட்டத்துத் தக்காளியைப் போட்டு அனுப்பினார்.
மறுநாள் நான். அதற்கு மறுநாள் அவர்.
ஒரே எவர்சில்வர் கிண்ணம்
சுவர் மேலே போய்ப் போய் வந்தது.

என்னுடையது உருண்டை, கடை விதை.
அவருடையது நாட்டு ரகம்:
பூசணிபோல வரிவரியாக,
பழுத்தும் காம்படியில் பச்சை மாறாமல்,
கடித்தால் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு.

தொக்கு இரண்டு ஜாடி ஆயிற்று.
மொட்டைமாடியில் வற்றல் போட்டதை
அணில் கணக்குப் பார்த்துக்கொண்டது.
பிறகும் ஆறு கிலோ.

கழுவி, துண்டால் ஈரம் ஒற்றி,
காம்புக் குழியைக் கத்திமுனையால் தோண்டி,
தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பினேன்.
தொட்டால் ஒட்டிக்கொள்ளும்;
அப்புறம் ஒன்று வேண்டுமென்றால்
எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.
விடிந்து எடுத்தால் கோலிக்குண்டு.
தட்டைச் சாய்த்தேன், கிணுங்கின.
காற்றை அமுக்கி வெளியேற்றிப்
பொட்டலத்துக்குப் பத்து.
ஐஸ் தட்டு வெளியே போனது.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.
அவருக்கு வாடகைச் சாமான் தொழில்:
பந்தல், நாற்காலி, அண்டா,
கண்ணாடி மூடிபோட்ட ஐஸ் பெட்டி ஒன்று.
"என் பெட்டி சும்மாதானே கிடக்கு" என்றார்.
"சீ, வாயைக் கழுவுங்க."
சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"அது உறைய வைக்காது செவந்தி.
குளிர வைக்கும், அவ்வளவுதான்,
பிள்ளை வந்து இறங்குற வரைக்கும்.
உன்னோடது யார் வர்றதுக்கு?"
"ஐப்பசி வர்றதுக்கு" என்றேன்.

மாசத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்ட் நிற்கும்.
அன்றைக்கு ஃப்ரிட்ஜ் கதவில் கயிறு கட்டிவிடுவேன்.
குளிர்ந்த தண்ணீர் கேட்டவர்களுக்குப் பானையைக் காட்டினேன்.

ஐப்பசி வந்தது, அடைமழையோடு.
கிலோ நூற்றுப்பத்து.
சந்தையில் பெண்கள் தக்காளியைத் தொட்டுப் பார்த்து
இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.
நான் ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்காய் வாங்கினேன்.
உள்ளே கொஞ்சம் கர்வம் இருந்தது,
அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரம்தான், புதன் விடியற்காலை மூன்று மணிக்கு
எங்கள் கதவைத் தட்டினார்கள்.

பெட்டிக்கு இந்த முறை வண்டி வேண்டியிருக்கவில்லை.
நாலு பேர் தூக்கிக்கொண்டு
சுவரைச் சுற்றி நடந்தார்கள்.
ஒயரை நீட்டிப் பிளக் மாட்டியது என் வீட்டுக்காரர்.
மகன் சேவுகன் மஸ்கட்டில்.
விமானம் கிடைத்துத் திருச்சி இறங்கி
வந்து சேர வியாழன் மதியமாயிற்று.

அந்த வீட்டில் அடுப்பு எரியாது.
காடு போய் வந்தவர்களுக்குப் பசிக்கும்.

ஃப்ரீசரைத் திறந்தேன்.
பேனாவில் எழுதிய தேதிகளைப் பனி தின்றிருந்தது.
குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதும்,
தோல் சட்டைபோலக் கழன்று வந்துவிடும்.
உருகினால் வடிவம் நிற்காது, நறுக்க வராது,
பச்சடிக்கு ஆகாது.
ரசத்துக்கு ஆகும்.

பொட்டலம் பொட்டலமாய்ப் பிரித்து
உருண்டைகளை ஒதுக்கினேன்.
வரியோடியவை ஏழு இருந்தன.

சேவுகன் ஈரத் தலையோடு உட்கார்ந்து
சோறு வேண்டாம் என்றான்.
ரசம் மட்டும் தம்ளரில் கேட்டான்.
ஒரு வாய் குடித்தான். கண்ணைச் சுருக்கினான்.
"புளிப்பு கூடிப்போச்சா?"
"இல்ல" என்று தம்ளரை மறுபடி நீட்டினான்.
அதற்கு மேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி பெட்டி திரும்பி வந்தது.
மூடியைத் துடைத்துத் துடைத்து
வீட்டுக்காரர் நெடுநேரம் பின்பக்கமே இருந்தார்.

எவர்சில்வர் கிண்ணம் அங்கேதான் இருக்கிறது.
கடைசியாக அனுப்பியது நானா அவரா,
அதுதான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.